கையுறைக்காரி நவமணியின் நாற்காலி

முப்பத்தெட்டு வயதாகும்வரை நவமணிக்கு வேலை நேரத்தில் உட்காரக் கிடைத்ததே இல்லை. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பதினான்கு வயதில் பால்மரம் சீவப் போனாள். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு ஓடுகிறவள் எங்கே உட்காருவது? பிறகு பால் ஸ்டோரில், ஆசிட் ஊற்றிப் பாலைக் கட்டியாக்கும் வேலை. அதையும் நின்றபடிதான் செய்தாள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது புருஷன் ராமையாவோடு ஈப்போவுக்கு வந்து, 1975இல் ஜெலாப்பாங்கில் ஒரு வாளி ஃபேக்டரியில் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். உட்கார்ந்தபடி துடைப்பம் பிடித்தவர் யாரும் இல்லை என்பதால் அங்கேயும் நின்றாள். கால் வலிக்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ராமையாவிடம் மட்டும் தினமும் சொல்வாள்.

அந்த ஃபேக்டரியில் துத்தநாக வாளி செய்தார்கள். இரும்புத் தகட்டைக் கத்தி மிஷினில் வெட்ட வேண்டும். பிடி மாட்டத் துளை போட வேண்டும். துரு போக ஆசிட் தொட்டியில் முக்க வேண்டும். கடைசியில், உருகித் தளதளக்கும் துத்தநாகக் கொப்பரையில் இறக்கி எடுக்க வேண்டும். ஒரு வாளிக்குப் பின்னால் இத்தனை வில்லங்கம் இருப்பது, அதில் தண்ணீர் மொண்டு குளிக்கிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

1978இல் கத்தி மிஷினில் ஒருவருக்கு உள்ளங்கை கிழிந்தது. அரசாங்கத்திலிருந்து ஆள் வந்து முதலாளியை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார். மறுமாதமே பாதுகாப்பு அதிகாரி என்ற புதுப் பதவியில் ஸ்கந்தராஜா வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துப் பரம்பரை. முப்பது வருஷம் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் டை, கையில் குடை. ஃபேக்டரிகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விதி எழுதத் தெரியும். மூன்றே நாளில் எழுதி, முதலாளியின் கையெழுத்து வாங்கி, அரசாங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினார். கேட்டில் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து கையுறை கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையுறை அணியாத கை எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது.

எதுவும் என்றால் எதுவும்தான். தட்டச்சு செய்யும் பெண் தோல் கையுறையோடு தட்டச்சு செய்தாள். அந்த வாரம் போன கடிதங்களை யாராலும் படிக்க முடியவில்லை. கேன்டீன்காரர் கையுறையோடு ரொட்டி சானாய் வீச, மாவு கையுறையைக் கழற்றிக்கொண்டு பறந்தது. எந்த வேலைக்கு எந்தக் கையுறை என்பதை ஸ்கந்தராஜா பார்வைக்கு எது லட்சணமாக இருக்கிறது என்பதை வைத்தே முடிவு செய்தார். ஆசிட் தொட்டிக்கு வெள்ளைப் பருத்தி, சுத்தமாகத் தெரியும் என்பதால். கொப்பரைக்கு ரப்பர். துளை மிஷினுக்குத் தோல்.

முதல் நாள் காலையிலேயே ஆசிட் தொட்டிக்காரன் மாயாண்டியின் பருத்திக் கையுறை ஆசிட்டைக் குடித்துக்கொண்டு கையோடு ஒட்டியது. அவன் கையை உதறிக்கொண்டு குழாயைத் தேடி ஓடினான். ஓரமாகக் கூட்டிக்கொண்டிருந்த நவமணி அவனைப் பிடித்து நிறுத்தி, கையுறையை உரித்து, கையைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு, யாரிடம் பேசுகிறோம் என்று பார்க்காமலே பேசினாள்.

"இத ஆசிட்டுக்குக் குடுத்த புண்ணியவான் யாரு? ஆசிட்டுக்கு ரப்பர் வேணும்லா, முழங்கை வரைக்கும். ஓரத்த வெளிய மடிச்சு விடணும். இல்லாட்டி கையத் தூக்குறப்ப ஒழுகிக் கக்கத்துக்கு வந்துரும். போடுறதுக்கு முந்தி ஊதிப் பாக்கணும், ஓட்டை இருந்தா காத்து சொல்லும்."

புண்ணியவான் பின்னால்தான் நின்றார். "கொப்பரைக்கு?" என்று கேட்டார்.

நவமணி திரும்பிப் பார்த்தாள். சொன்னது சொன்னதுதான், இனி என்ன பயம் என்று மீதியையும் சொன்னாள். "கொப்பரைக்கு ரப்பர் போட்டா உருகிக் கையோட போயிரும் ஐயா. அங்க அஸ்பெஸ்டோஸ், காஞ்சது, கொஞ்சம் லூசா இருக்கணும். உள்ள தெறிச்சா ஒரு உதறுல கழண்டு விழணும். தகட்டுக்குத் தோலு. துளை மிஷினுக்கு ஒண்ணுமே கூடாது. சுத்துற மிஷினு குளோவ்ஸ இழுக்கும், குளோவ்ஸு ஆள இழுக்கும்."

அந்தக் காலத்தில் அஸ்பெஸ்டோஸைத்தான் நல்லது என்றார்கள். ஆகவே அவள் சொன்ன எல்லாமே அன்றைக்குச் சரி. ஸ்கந்தராஜா குறிப்பெடுத்துக்கொண்டார். "உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். நவமணி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். பால் ஸ்டோர் ஆசிட் பத்து வருஷமாக எழுதிய கணக்கெல்லாம் அதில் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை நவமணி கேட்டில் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பிடி வைத்த மர நாற்காலி, பின்னால் சாய்ந்துகொள்ளலாம். மூன்று மாதம் பார்ப்போம், குறை ஒன்றும் வராவிட்டால் நிரந்தரம் என்று கடிதம் கொடுத்தார்கள். ராமையா அந்தச் சனிக்கிழமை கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்று, பெண்டாட்டி உட்கார்ந்திருப்பதைக் கால் மணி நேரம் பார்த்துவிட்டுப் போனார். வீட்டுக்குத் திரும்பியதும், "நல்லாத்தான் உக்காந்திருந்த" என்றார். அவளுக்கு வந்த சந்தோஷத்தில் இரண்டு கரண்டி சோறு கூடப் போட்டாள். இந்த நாற்காலியை இனி உயிர் போனாலும் விடுவதில்லை என்று மனதுக்குள் சத்தியமே செய்தாள்.

துளை மிஷின்காரர்களுக்கும் விதிப்படி கேட்டில் கையுறை உண்டு. மிஷினை நெருங்கியதும் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்று ஸ்கந்தராஜா ஒரு துணை விதி எழுதினார். கையுறை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஆணிக்குப் போட்டார்கள்.

இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று; கண் உறுத்தினால் தூசி என்று துடைத்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் மாயாண்டிக்குக் கண் சிவந்தது. மறுநாள் கத்தி மிஷினில் மூன்று பேருக்கு. அதற்கடுத்த நாள் கொப்பரையில் நால்வருக்கு. ஒரு வாரத்தில் ஃபேக்டரியிலிருந்த தமிழர்களில் பாதிப் பேர் செம்போத்துக் கண்ணோடு திரிந்தார்கள். சீனர்களுக்கு ஒன்றுமில்லை, மலாய்க்காரர்களுக்கு ஒன்றுமில்லை. துளை மிஷினில் இருந்த தமிழர்களுக்கும் ஒன்றுமில்லை. இதை அப்போதே யாராவது யோசித்திருக்கலாம். யோசிக்க வேண்டியவர்கள் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி சம்சு சாராயம்தான் காரணம் என்றார். குடிக்கவே குடிக்காத ஐயாவு அண்ணனுக்கும் சிவந்திருந்ததால் அது எடுபடவில்லை. டாக்டர் ஒட்டுவாரொட்டி என்று சொட்டு மருந்து கொடுத்தார். சிலர் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். மாயாண்டி இரண்டு கண்ணிலும் ஒட்டிக்கொண்டு வந்து கேட்டுத் தூணில் மோதினான்.

கடைசியில் பழி எங்கே வந்து விழும்? "குளோவ்ஸ் வந்த பிறகுதான் கண் நோய் வந்தது" என்று முதலாளி கண்டுபிடித்தார். "உம்மட கையுறையில ஏதோ பிழை இருக்கு" என்று ஸ்கந்தராஜா நவமணியிடம் சொன்னார். "மூண்டு மாசம் முடியிறதுக்குள்ள இது நிக்காட்டி, கடிதம் நிரந்தரமாகாது."

நவமணி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிழை கையுறையில் என்றால் கையுறையை மாற்றிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தாள். மெல்லிய ரப்பரை எடுத்துவிட்டுத் தடித்த ரப்பர். கண் இன்னும் சிவந்தது. அதையும் எடுத்துவிட்டு, தோள்வரை வரும் கறுப்பு ரப்பர். அதைப் போட்ட மாயாண்டி கையை மடக்க முடியாமல் காவடி ஆட்டக்காரன்போல நடந்தான், கண் அதைவிட மோசமாயிற்று. தகட்டுக்காரர்களுக்கு இரட்டைத் தோல். அவர்கள் கண்ணில் இரும்புத் தூள் இருந்தது என்றார் டாக்டர். கையுறை தடிக்கத் தடிக்கக் கண் கெட்டது. கைக்குப் போடுகிற உறைக்கும் முகத்திலிருக்கிற கண்ணுக்கும் என்ன உறவு என்று நவமணி நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள். சோறு இறங்கவில்லை. உட்கார்ந்திருந்தும் கால் வலித்தது.

மூன்று மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது ஸ்கந்தராஜா ஒரு முடிவுக்கு வந்தார். ஆட்களுக்குக் கையுறை போடத் தெரியவில்லை. தோட்டத்து ஜனங்கள், சொல்லிக் கொடுத்தால்தான் வரும். நானே செய்து காட்டுகிறேன். காலையில் எல்லாரையும் ஆசிட் தொட்டியைச் சுற்றி நிற்கவைத்தார். டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தோள்வரை வரும் கறுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டார். "இப்ப எல்லாரும் வடிவாப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தொட்டியின் முன்னால் வந்து நின்றார்.

நின்றவர் குனிந்து தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தைக் கேட்டு ஜெலாப்பாங் சந்தியிலேயே ஒரு லாரி நின்றுவிட்டது என்பார்கள். நவமணி ஒரே பாய்ச்சலாகப் போய், அதிகாரியின் பிடரியைப் பிடித்துக் குழாய்க்குக் கீழே அமுக்கி, கண் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். அவர் துள்ளினார். அவள் விடவில்லை. டை நனைந்து கயிறாயிற்று. கால் மணி நேரம் தண்ணீர் ஓடியது.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் அவளுக்கு எல்லாம் துலங்கியது. வேலை தொடங்குமுன் மிஷினைத் தொட்டுக் கும்பிடுவது அங்கே தமிழர்கள் எல்லாரும் செய்கிற காரியம். பால் வெட்டும் கத்தியை அவளே பத்து வருஷம் அப்படிக் கண்ணில் ஒற்றியவள். எல்லாரும் செய்வதால் யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. டை கட்டிய ஆள் செய்தபோதுதான் தெரிந்தது. வெறுங்கைக்கு ஈரம் தெரியும், பிசுக்குத் தெரியும், தூள் நெருடும். விரல் தானாகவே காய்ந்த இடமாகப் பார்த்துத் தொடும். உறைக்குள் இருக்கும் விரலுக்கு என்ன தெரியும்? விளிம்பில் தெறித்துக் கிடந்த ஆசிட்டை அள்ளிக் கொண்டுபோய்க் கண்ணில் வைத்திருக்கிறது. உறை எவ்வளவு தடிப்போ அவ்வளவு குருடு. துளை மிஷின்காரர்கள் உறையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டதால் தப்பித்தார்கள்.

ஆட்களை வேலைக்கு அனுப்பிவிட்டு, ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்த ஸ்கந்தராஜாவிடம் சொன்னாள். "ஐயா, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்க. அதான்."

"நானோ? நான் அப்பிடி ஒண்டும் செய்யேல்லை."

"செஞ்சீங்க ஐயா. நாப்பது பேரு பாத்தாங்க."

அவர் துண்டைக் கண்ணில் இன்னும் அமுக்கிக்கொண்டார். பிறகு வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். "ரயில்வேயில ஒவ்வொரு நாள் காலமையும் என்ர மேசையைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் வேலை தொடங்குவன். முப்பது வருஷம். வெள்ளைக்காரத் துரை சிரிப்பான்." நவமணிக்கு அவர்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது.

இரக்கம் அவருக்குப் போதவில்லை. "இனிமேல் தொட்டுக் கும்பிடக் கூடாது எண்டு நோட்டீஸ் ஒட்டுவம்" என்றார்.

"ஒட்டுங்க. உங்க கையே உங்க பேச்சக் கேக்கல. அவுங்க கை கேக்குமா?"

நோட்டீஸ் ஒட்டப்படவில்லை. உறையைக் கழற்றிவிட்டுக் கும்பிடுங்கள் என்று நவமணி கேட்டில் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அரை மணியில் மாயாண்டி குழாயடியில் நின்றான். "கழட்டணும், கழட்டணும்னு நெனச்சுக்கிட்டேதான் ஒத்திக்கிட்டேன்கா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. கும்பிடுகிற கை நினைப்புக்குக் காத்திருப்பதில்லை.

வழி ஒன்றுதான். மிஷினுக்கு முன்னால் போய் நிற்கும்போது கையில் உறை இருக்கக் கூடாது. கும்பிட்டு முடித்த பிறகுதான் உறை வர வேண்டும். அதாவது கொடுக்கிறவள் கேட்டில் உட்காராமல், தொட்டி தொட்டியாக, மிஷின் மிஷினாக நடக்க வேண்டும்.

ஸ்கந்தராஜா இதை ஒத்துக்கொண்டார். ஆனால் விதியை மாற்ற முடியாது என்றார். கேட், நாற்காலி, கையெழுத்து எல்லாம் அரசாங்கம் வரை போய்விட்டது. மாற்ற வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். பாதுகாப்பு அதிகாரி தன் கையாலேயே தன் கண்ணில் ஆசிட் பூசிக்கொண்டார் என்று அவர் எந்த மொழியில் எழுதுவார்? "எனக்கும் பிள்ளையள் படிக்குதுகள், நவமணி" என்றார். நாற்காலிக்காரி கேட்டில்தான் இருக்க வேண்டும். இருந்தால் கையுறை கேட்டில்தான் கொடுக்க வேண்டும். "நீர் இருக்கிறதெண்டா இரும். மூண்டு மாசம் முடியப்போகுது. நல்ல வேலைக்காரி எண்டு நான் எழுதித் தாறன்."

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் நவமணி நாற்காலியிலேயே இருந்தாள். முதுகை நன்றாகச் சாய்த்து, கைப்பிடி இரண்டிலும் கையை வைத்துக்கொண்டு, உட்கார வேண்டிய மட்டும் உட்கார்ந்தாள். கண் சிவந்தால் எனக்கென்ன என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். தூணில் மோதிய மாயாண்டிதான் நினைவுக்கு வந்தான். அப்போது எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கண் போய்விட்டால் யார் சிரிப்பார்கள்? அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கும்பிடுகிறவர்கள்மேல், விதி எழுதினவர்மேல், தன் ஆசைமேலேயும்.

மறுநாள் காலையில் ஸ்கந்தராஜாவின் மேசைமுன் நின்றாள். "என்னைப் பழையபடி கூட்டுற வேலைக்கே போடுங்க ஐயா. கூட்டுறவ ஃபேக்டரி பூரா சுத்தலாம், யாரும் கேக்க மாட்டாங்க. குளோவ்ஸ என் குப்பை வண்டிக்குள்ள வச்சுக்கிறேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக் கொடுத்தார், நாற்காலிக்கு வேறு ஆளைப் போடவும் இல்லை.

அதன் பிறகு அந்த ஃபேக்டரியில் நடந்ததைச் சொன்னால் நம்புவது கஷ்டம். காலையில் ஆட்கள் கேட்டுக்கு வருவார்கள். அங்கே ஆளில்லாத நாற்காலி இருக்கும். அதன்மேல் புத்தகம் இருக்கும். கையுறை பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போவார்கள். மிஷினைத் தொட்டுக் கும்பிடுவார்கள். பின்னாலேயே நவமணி குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். கும்பிட்டாச்சா என்று கேட்டு, ஊதிப் பார்த்து, ஓரம் மடித்து, ஆளுக்கு ஏற்ற உறையைக் கொடுப்பாள். பத்தே நாளில் எல்லார் கண்ணும் வெளுத்தது. அரசாங்க ஆள் வந்து, நாற்காலியைப் பார்த்து, ஒரு நாள் விடாமல் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்து, இப்படி ஒழுங்கான இடத்தைப் பேராக் மாநிலத்திலேயே பார்த்ததில்லை என்று எழுதினார். ஸ்கந்தராஜாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை.

ஒன்பது வருஷம் அப்படிப் போயிற்று. நவமணிக்குக் கால் நரம்பு சுருண்டு புடைத்தது. ஆணி அடித்ததுபோல் குதிகால் வலித்தது. ஆனாலும் காலையில் முதல் வேலையாக அந்த நாற்காலியைத் துடைப்பாள். தூசி படிந்தால் அவளுக்குப் பொறுக்காது. இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. புத்தகத்துக்கு முன்னால் குனிந்து கையெழுத்துப் போட்ட ஆட்கள், குனிந்த குனியில் கைப்பிடியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. ஆயுத பூஜைக்கு மிஷின்களோடு சேர்த்து நாற்காலிக்கும் சந்தனம் வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அது எந்தச் சாமிக்கு என்று கேட்கவில்லை. ஒரு தடவை பால் விற்க வந்தவர் தெரியாமல் உட்காரப் போக, கேட்டில் காவலுக்கு நிற்கும் ஜாகா அவரை விரட்டி அடித்தார்.

1987இல் நவமணி வேலையை விட்டாள். கடைசி நாள் சாயங்காலம் ஸ்கந்தராஜா, அப்போது அவருக்கே அறுபதைத் தாண்டிய வயது, கேட்டுவரைக்கும் அவளோடு நடந்து வந்தார். மாயாண்டியும் இன்னும் சிலரும் பலகாரப் பொட்டலத்தோடு நின்றார்கள். ஸ்கந்தராஜா நாற்காலியிலிருந்த புத்தகத்தை எடுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இரும் நவமணி. ராமையா வருமட்டும் கொஞ்சம் இரும். இது உம்மட கதிரை."

நவமணிக்கு ஆசையாக இருந்தது. வெட்கப்படாமல் சொன்னால், ஒன்பது வருஷமாக ஆசையாகத்தான் இருந்தது. புடவையைச் சரிசெய்துகொண்டு, திரும்பி நின்று, உட்காருவதற்காகக் கைப்பிடியைத் தொட்டாள். தொட்ட கை நேரே கண்ணுக்குப் போய்விட்டது.

சுற்றி நின்ற எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"வேணாம் ஐயா" என்றாள். "கும்புட்டுட்டேன். இனி எப்படி உக்கார்றது?"

மாயாண்டி உள்ளே ஓடி ஒரு புது வாளியை எடுத்து வந்து கவிழ்த்துப் போட்டான். நவமணி அதன்மேல் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, ராமையாவின் சைக்கிள் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள்.